மைக்கை எங்கே வைக்கிறீர்கள்?

(இசை ஊழியம் செய்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு பாடம்)

 

இந்த மாதம் பிரசங்கக் குறிப்பு எழுதாமல், கிட்டாருக்கு மைக் வைப்பதைப் பற்றி எழுதுகிறேன். "பாஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. குஜிலியம்பாறையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வாலிபத் தம்பிகள் தாங்கள் பாடிப் பதிந்த பாடல்களை எனக்கு அனுப்புகிறார்கள். வாசிப்பு நன்றாய் இருக்கிறது. ராகம் நன்றாய் இருக்கிறது. ஆனால் கேட்டால் கிட்டார் கிட்டாராகக் கேட்பதில்லை. ஒன்று, பானைக்குள் கத்துகிற மாதிரி "பூம் பூம்" என்கிறது. இல்லையென்றால் கொசு பறக்கிற மாதிரி கீச்சிடுகிறது.

1 கொரிந்தியர் 14:7-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். ஊதுகிற கருவியானாலும் மீட்டுகிற கருவியானாலும், அதன் தொனி தெளிவாய் இல்லாவிட்டால் கேட்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது என்கிற கருத்தைப் பவுல் அங்கே வைக்கிறார். அவர் பேசுவது வேறொரு காரியத்துக்காக. ஆனாலும் உதாரணத்துக்கு எடுத்தது நம் கையிலிருக்கிற கருவியைப் போன்ற ஒன்றைத்தான்!

நான் செய்த தவறு

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பாடம் மனதில் நிற்கும்.

2001-ஆம் வருஷம். எனக்கு இருபது வயது. பைபிள் காலேஜுக்குப் போகுமுன் சபையில் மைக் செட் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் வயதான விசுவாசி ஒருவர் இருந்தார். ஐயா என்றே எல்லாரும் கூப்பிடுவோம். கடலைக்காட்டு சம்சாரி. இள வயதில் வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் கிட்டார் பழகியவர். கல்கத்தாவில் செய்த பழைய கிவ்சன் கிட்டார் ஒன்று வைத்திருந்தார். பிக் வைத்து அடிக்கமாட்டார். கட்டைவிரல் கீழ்ச்சுரக் கம்பிகளில் நடக்கும். மற்ற மூன்று விரல்கள் மேல்ச்சுரக் கம்பிகளில் பேசும். இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். தாமே கட்டிய ஒன்பது பாட்டுகளை அப்படி வாசித்துப் பாடுவார்.

"தம்பி, இதை ஒரு கேசட்ல புடிச்சு வச்சிரு. நான் போனப்புறம் புள்ளைங்க கேக்கட்டும்" என்றார்.

எனக்கு சந்தோஷம். தகரக் கூரை போட்ட எங்கள் ஜெபக்கூடத்தில் நடு மத்தியில் ஐயாவை உட்கார வைத்தேன். கூட்டங்களில் வைக்கிறபடியே, கையில் பிடித்துப் பாடுகிற மைக்கைக் கிட்டாரின் வட்டத் துளைக்கு நேரே, நாலு விரற்கடை தூரத்தில் வைத்தேன். சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்று நினைத்தேன். ஒன்பது பாட்டும் ஒரே மாலையில் முடிந்தது. நான் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

மறு வருஷம் ஐயா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்த இரவில் கேசட்டைப் போட்டோம். குரல் கேட்டது. கிட்டார் இருந்த இடத்தில் ஒரே இரைச்சல். கட்டைவிரல் மட்டும் பூம், பூம் என்று இடித்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று விரல்கள் பேசினது ஒன்றும் இல்லை. அவர் மகள் என்னைப் பார்த்து, "அண்ணே, எங்கப்பா வாசிச்சது இதுதானா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்?

பிற்காலத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிசெய்யப் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸ் பக்கம் குறைத்தால் பூம் குறைந்தது. ஆனால் விரல்கள் திரும்பி வரவில்லை. ஏன்? அவை நாடாவில் சரியாய் விழவே இல்லை. பிரியமானவர்களே, இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு வாக்கியம்தான்: மைக் வாங்காததை எந்த பட்டனும் பிற்பாடு கொடுக்காது.

கொஞ்சம் சரித்திரம்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864-ல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். ஆனால் அவர் குரல் எப்படி இருந்தது? யாருக்கும் தெரியாது. எடிசன் போனோகிராஃபைச் செய்தது 1877-ல்தான். பதின்மூன்று வருஷ வித்தியாசம்!

1902-ல் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களைப் பதிந்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் வாயில் நின்று பாடவேண்டும். உரத்த குரலும் உரத்த வாத்தியமும் மெழுகில் விழும். கிட்டார் போன்ற மெல்லிய வாத்தியம் பின்தங்கிப் போகும். 1925-ல் மின்சார ரெக்கார்டிங் வந்த பிறகே மைக் வந்தது. மெல்லிய சத்தத்துக்கும் ஒரு இடம் கிடைத்தது.

நம் பக்கத்துத் தேனி மாவட்டம் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா கிட்டார் வாசித்து வளர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தில் "இளைய நிலா" பாட்டுக்குக் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். சினிமாவைப் புகழ இதை எழுதவில்லை. தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். அதில் கம்பி கம்பியாய்க் கேட்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒவ்வொரு விரலையும் எண்ணலாம். நம் பாட்டுகளும் அப்படிக் கேட்கவேண்டாமா?

1. சத்தம் எங்கிருந்து வருகிறது?

துளையிலிருந்து மட்டும் வருகிறது என்பதுதான் நான் நினைத்த தப்பு. கம்பி அதிர்கிறது; பிரிட்ஜ் வழியாய் முன்பலகை அதிர்கிறது. சத்தத்தின் பெரும்பங்கு அந்தப் பலகையிலிருந்தே வருகிறது. பெட்டிக்குள் அடைந்த காற்றும் துளை வழியாய் உள்ளும் புறமும் போய்வரும். காலி பாட்டில் வாயில் ஊதினால் "ஊம்" என்கிறதே, அதே காரியம். சாதாரண கிட்டாரில் அந்த "ஊம்" சுமார் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ், ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ். அதாவது நாம் அதிகமாய்த் தட்டுகிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருக்கிறது! துளைக்கு நேரே மைக் வைத்தால் அந்த ஊம்தான் முன்னால் வரும்.

கழுத்துப் பக்கம் விரல் உரசுகிற சத்தமும் கம்பியின் பளபளப்பும் வரும். பிரிட்ஜுக்குப் பின்னால் மரத்தின் சூடான தொனி வரும். இவையெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனால்தான் ஒன்றாய்க் கூடி "கிட்டார்" ஆகின்றன.

2. எந்த மைக்?

இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். மேடையில் கையில் பிடிக்கிறது பெரும்பாலும் டைனமிக் மைக். உறுதியானது, கீழே விழுந்தாலும் தாங்கும், தூரத்துச் சத்தத்தை அதிகம் வாங்காது. கிட்டாரின் நுண்ணிய பளபளப்பையும் அவ்வளவாய் வாங்காது. கண்டென்சர் மைக் நுட்பமானது. அதற்கு மிக்ஸரிலிருந்தோ ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்தோ 48 வோல்ட் பாண்டம் பவர் போகவேண்டும். கிட்டாருக்கு, பென்சில் போல மெலிந்த சிறிய கண்டென்சர் மைக் நல்லது.

டைனமிக் மட்டும்தான் இருக்கிறதா? கலங்க வேண்டாம். 1965-ல் வந்த ஷூர் எஸ்.எம்.57 என்கிற டைனமிக் மைக்கை வைத்து இன்றைக்கும் உலகமெங்கும் கிட்டார் பதிகிறார்கள். விலையைவிட இடம் முக்கியம்.

ஒரு காரியம் ஞாபகம் இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் அதிகமாய் வாங்குகிற மைக் எதுவானாலும், கிட்டே போகப் போகக் கனமான சத்தத்தைக் கூட்டிக் காட்டும். நான் நாலு விரற்கடையில் வைத்தேனே, துளையின் ஊம் ஒன்று, மைக்கின் கனம் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஐயாவின் விரல்களை மூடிப்போட்டன.

3. முதல் இடம்: ஒரு சாண், பன்னிரண்டாவது பிரெட்

டேப் தேடவேண்டாம். உங்கள் கையே அளவு. ஒரு சாண் என்பது சுமார் 23 சென்டிமீட்டர். மைக்கை 12-வது பிரெட்டுக்கு எதிரே ஒரு சாண் தள்ளி வையுங்கள். மைக்கின் மூக்கைக் கழுத்து பெட்டியோடு சேருகிற இடத்தைப் பார்த்துத் திருப்புங்கள். துளையைப் பார்க்கக்கூடாது. பத்தில் எட்டுத் தரம் இது உபயோகமான சத்தத்தைக் கொடுக்கும்.

இது முடிவல்ல, தொடக்கம். இனி நகர்த்துங்கள்:

ரொம்ப மெலிந்து கேட்டால், துளைப் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்துங்கள்.

பூம் என்றால், கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள், அல்லது இன்னும் அரைச் சாண் பின்னால் போங்கள்.

விரல் கீச்சிட்டால், பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையைப் பார்த்து வைத்துப் பாருங்கள்.

வாசிக்கிறவர் தாம் கேட்கிறபடியே வேண்டும் என்றால், அவருடைய வலது தோளுக்கு மேலே, காது உயரத்தில் வைத்துக் கீழே கிட்டாரைப் பார்க்கவிடுங்கள்.

ஒரு தந்திரம் சொல்கிறேன். ஒரு காதைப் பொத்திக்கொள்ளுங்கள். மற்றக் காதை மைக் இருக்கவேண்டிய இடத்தில் கொண்டுபோய், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தலையை மெல்ல நகர்த்துங்கள். எங்கே நன்றாய்க் கேட்கிறதோ அங்கே மைக்கை வையுங்கள். காசில்லாத உபாயம்!

4. பாடிக்கொண்டே வாசித்தால்?

நம்மில் அநேகர் இரண்டையும் சேர்த்துத்தான் செய்கிறோம். அப்போது குரல் கிட்டார் மைக்கில் விழும். கிட்டார் குரல் மைக்கில் விழும். ஒரே சத்தம் இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். ஒரு பக்கம் அலை மேலே போகையில் மறுபக்கம் கீழே போனால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துப்போடும். காற்றில் சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு மைக்குக்கும் 17 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் இருந்தால் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் குழிந்துபோகும். குரலின் தெளிவே அங்கேதானே இருக்கிறது!

ஆகவே ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். குரல் மைக் வாயிலிருந்து ஒரு சாண் என்றால், கிட்டார் மைக் அந்த வாயிலிருந்து குறைந்தது மூன்று சாணாவது இருக்கட்டும். குரல் மைக்கைச் சற்று மேல்நோக்கியும் கிட்டார் மைக்கைச் சற்றுக் கீழ்நோக்கியும் சாயுங்கள். முன்பக்கம் வாங்குகிற மைக்கின் முதுகுக்குக் காது மந்தம். வேண்டாத சத்தம் அந்த முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

முடிந்தால் கிட்டாரை முதலில் தனியாய்ப் பதிந்து, ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே குரலைப் பதியுங்கள். ஆனால் வயதானவர்களுக்கு இது ஒத்துவராது. கையும் குரலும் ஒன்றாய் நடக்கிறவர்களைப் பிரிக்காதீர்கள். அவர்களுக்கு முழு மனதோடு பாடவிடுவதே பெரிய காரியம்.

5. இரண்டு மைக் வைக்கலாமா?

இடம் வலம் பிரிந்து விசாலமாய்க் கேட்கவேண்டும் என்று தம்பிகளுக்கு ஆசை. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனியில் இருந்த ஆலன் புளும்லைன் 1931-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டு எழுதினார். நமக்கு எளிய வழி, ஒரே மாதிரி இரண்டு மைக்கின் மூக்கை ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு, எக்ஸ் எழுத்தைப் போல 90 டிகிரியில் திருப்பி வைப்பது. மூக்குகள் ஒரே இடத்தில் இருப்பதால் நேர வித்தியாசம் இல்லை, அழிவும் இல்லை.

ஒன்றைக் கழுத்துக்கும் ஒன்றைப் பிரிட்ஜுக்கும் தள்ளி வைத்தால் இன்னும் விசாலமாய் இருக்கும். ஆனால் மோனோவில் போட்டுக் கேட்டே ஆகவேண்டும். சத்தம் திடீரென்று மெலிந்தால், ஒரு மைக்கைச் சில விரற்கடை நகர்த்துங்கள்.

யோசித்துப் பாருங்கள். நம் பாட்டை யார், எதில் கேட்கப் போகிறார்கள்? சபையில் ஆம்ப்ளிஃபயரும் ஹார்ன் ஸ்பீக்கரும். வீட்டில் செல்போனின் சின்ன ஸ்பீக்கர். பெரும்பாலும் மோனோதான். ஒரே மைக், சரியான இடத்தில்: நமக்கு இதுவே போதும்.

6. அறையும் ஊரும்

தகரக் கூரையும் சிமெண்ட் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடம் பிரசங்கத்துக்குச் சரி. கிட்டாருக்குச் சத்துரு! தூரத்தை இரட்டிப்பாக்கினால் கிட்டாரிலிருந்து நேரே வருகிற சத்தம் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே எதிரொலிக்கிற அறையில் ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் போகாதீர்கள். அறை நன்றாய் இருந்தால் ஒரு முழம் வரைக்கும் போகலாம்.

சாமான் நிறைந்த படுக்கை அறையே நல்ல ஸ்டுடியோ. கட்டில் மெத்தை, துணிமணி, ஜமுக்காளம் எல்லாம் சத்தத்தை உறிஞ்சும். மெல்லிய சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் கீச்சு மட்டும் குறையும். கனமான சத்தம் குறையாது. அதற்குத் தடிமன் வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் கிடைக்கிற கழிவுப் பஞ்சைச் சாக்கில் அடைத்து, வாசிக்கிறவருக்குப் பின்னாலும் மூலைகளிலும் நிறுத்திப் பாருங்கள். மூலையில் உட்கார்ந்து வாசிக்கவேண்டாம், பூம் கூடும். அறையின் நட்ட நடுவிலும் வேண்டாம்.

ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், தெரியும், ஒரு பாட்டுக்கு நாலு நிமிஷம்தானே! நம் ஊரில் பகலில் பஸ் ஹார்ன், டிராக்டர், பாளையம் ஸ்டேஷன் பக்கம் ரயில். ஆடி மாசத்தில் காற்று வேறு தகரத்தைப் பிடித்து ஆட்டும். விடியற்காலையில் மயில் அகவும். ராத்திரி பத்துமணிக்கு மேல் நல்ல நேரம்.

7. வாசிக்கிறவருக்கு

துருப்பிடித்த கம்பியை எந்த மைக்காலும் புதிதாக்க முடியாது. முந்தின நாளே புதுக் கம்பி போட்டு, இழுத்து, சுதி சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் சுதி பாருங்கள். வாட்ச், சட்டைப் பொத்தான், கிறீச்சிடுகிற நாற்காலி, இவை மூன்றும் பல பதிவுகளைக் கெடுத்திருக்கின்றன. லெவலை, பலமாய் வாசிக்கும்போது மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் ஏறும்படி வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடம் போச்சு. 24 பிட்டில் பதிந்தால் குறைந்த லெவலுக்குப் பயப்படவேண்டாம்.

செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? கையில் பிடிக்காதீர்கள். புத்தக அடுக்கின்மேல் ஒரு முழம் தள்ளி, மைக் துளை உள்ள முனை 12-வது பிரெட்டைப் பார்க்கும்படி வைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பதியுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியில் பதியவேண்டாம். அது சத்தத்தைச் சுருக்கிவிடும்.

8. இந்த வாரப் பயிற்சி

ஒரே பாட்டை நாலு இடத்தில் மைக் வைத்துப் பதியுங்கள்: துளைக்கு எதிரே, 12-வது பிரெட், பிரிட்ஜுக்குப் பின், தோளுக்கு மேலே. எது எது என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். எதை அவர்கள் "இது கிட்டார்" என்கிறார்களோ அதை எழுதி வையுங்கள். அடுத்த தரம் அங்கிருந்து தொடங்குங்கள். முக்கியமாய், பதிந்தவுடன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்காமல் போனேனே!

கடைசியாக

2023-ல் ஐயாவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் கிவ்சன் கிட்டாரைத் துடைத்து, கம்பி மாற்றிக் கொண்டுவந்திருந்தாள். சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்து நாலு பாட்டைத் தட்டுத் தடுமாறி வாசிக்கப் பழகியிருந்தாள். மிச்சம் ஐந்து பாட்டின் விரல் ஓட்டம் அவளுக்கும் தெரியவில்லை. கேசட்டிலும் இல்லை.

படுக்கை அறையில் உட்கார வைத்தோம். ஃபேனை நிறுத்தினோம். ஒரே மைக், ஒரு சாண், 12-வது பிரெட். முதல் பாட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. மூன்று விரற்கடை கழுத்துப் பக்கம் நகர்த்தினேன். திரும்ப வாசித்தாள். ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணே, இதுல மூணு விரலும் கேக்குது" என்றாள்.

நாலு பாட்டு மீந்தது. ஐந்து போனது போனதுதான். அந்த ஐந்துக்கு நான் கணக்கு ஒப்புவிக்கவேண்டும்.

அன்பானவர்களே, உங்கள் சபையிலும் தாமே பாட்டுக்கட்டி, தமக்கென்று ஒரு கைவாகு வைத்திருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். இந்த வாரமே போங்கள். ஒரு மைக்கோ ஒரு செல்போனோ போதும். துளையைப் பார்க்காமல், ஒரு சாண் தள்ளி, காதால் தேடி வையுங்கள். பதிந்ததை அவர்கள் இருக்கும்போதே அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

தேவ கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.